ரைட் என்றால் போகலாம்

ஜனவரி 19

டிகிரிக்கு,

போனில் உன்னோடு பேசுவது சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது. 'ம்' என்கிறாய், 'சரிங்க அண்ணி' என்கிறாய், நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் போனை என் தம்பி கையில் திணித்துவிடுகிறாய். படித்தவள்தானே, எழுது. எழுத்தில் யாருக்கும் வெட்கம் வராது. எனக்கும் எழுதத் தெரியும். டிக்கெட்டின் முதுகில் பாக்கிச் சில்லறை எழுதிக் கொடுத்துப் பழகிய கை இது. அழகை எதிர்பார்க்காதே.

தம்பி அனுப்பிய படம் வந்தது. நீலக் கார்மேல் சாய்ந்துகொண்டு என்ன கம்பீரமாக நிற்கிறான்! பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் காட்டினேன். டைம் கீப்பருக்கு வயிறு எரிந்தது. "நம்ம பஸ் பைலட்டா இது? அங்கெல்லாம் லைசென்ஸ் வாங்குறது ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே?" என்று இழுத்தார். "கஷ்டம் கத்துக்குட்டிக்குய்யா. என் தம்பி பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் தடவையிலேயே லைசென்ஸ் கையில் வந்துவிட்டதாமே. எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் அவன் கூடவே இன்னொன்றும் சொன்னான். நீயும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடிக்கிறாயாம். எதற்கு? ஸ்கூட்டரின் பின்னால் உட்காரும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் நீ. வீட்டுக்குள்ளேயே ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு நீ போய் கிளட்சை மிதித்து என்ன சாதிக்கப் போகிறாய்? அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் உன்னைக் காது சோதிக்கத்தான் கூப்பிட்டார்கள். காதைப் பார். நம் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்தவள் நீ ஒருத்தி என்பதற்காக எல்லாவற்றையும் நீயே செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை.

குட்டியைக் கேட்டதாகச் சொல். அவளாவது போனில் பேசுகிறாள்.

அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத்தில் வெட்கம் வராது என்று எழுதியிருந்தீர்கள். வருகிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

முதலில் கார். படத்தில் இருக்கும் நீலக் கார் எதிர்வீட்டுக்காரருடையது. நாங்கள் வாங்கியது பழசு, சாம்பல் நிறம், மழை பெய்தால் உள்ளே ஈர நாய் வாடை அடிக்கும். படம் எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மந்திரி காரில் இருந்து ஆட்டுவது போல.

அடுத்தது லைசென்ஸ். அது வரவில்லை. தேர்வில் அவர் தேறவில்லை.

தேர்வு முடிந்ததும் குறைகளை விளக்கிச் சொல்வதற்கு, மொழி தெரியும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வு எடுத்தது ஒரு அம்மாள். முதல் சந்திப்பில் அவர் "ரைட்" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பி நேராகப் போயிருக்கிறார். அடுத்த சந்திப்பிலும் அவர் "ரைட்" என்றார். இவர் இன்னும் கொஞ்சம் வேகமாக நேராகப் போனார். அதற்கடுத்து அந்த அம்மாள் "ரைட்!" என்று கத்தியே விட்டாராம். இவர் சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்காமல் பறந்திருக்கிறார்.

"போலாம்னாங்க, போனேன். போனதுக்கப்புறம் ஏன் போனேன்னு கேட்டா எப்படி? இதை அவங்ககிட்ட சொல்லு" என்றார் என்னிடம்.

எனக்கு அதை எந்த மொழியிலும் சொல்ல வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை கண்ணாடி. வண்டியின் உள்ளே இருப்பது, பக்கத்தில் இருப்பவை, எதையும் அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று அந்த அம்மாள் தாள் நிறையக் கோடு போட்டு வைத்திருந்தார். "இவர் உண்மையிலேயே பஸ் ஓட்டியவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

நான் ஏன் ஓட்டக் கற்க வேண்டும் என்று கேட்டீர்கள். என் வேலை ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை. படியிறங்க முடியாத வயதானவர்களின் வீடுகளுக்குக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காது சோதிக்க வேண்டும். இப்போதைக்கு இன்னொருவர் காரில் தொற்றிக்கொண்டு போகிறேன். மே மாதக் கடைசிக்குள் என் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலையை உறுதி செய்ய மாட்டார்கள். வேலை போனால் விசா போகும். மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "நான் ஓட்டுவேன்னு சொல்லு" என்றார் உங்கள் தம்பி. மேலதிகாரியிடம் சொன்னேன். "அவரையும் சேர்த்தா வேலைக்கு எடுத்திருக்கிறோம்?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து கார் சாவியைக் கேட்டால், "உன் கைக்குப் போனா கியர் பாக்ஸ் தனியா வந்துடும்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 20

டிகிரிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து ஒட்டிப் படித்தேன். கோபம் இரண்டு மடங்கானது.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். "அந்தப் பொம்பளைக்கு நம்ம ஆளுங்களைக் கண்டாலே ஆகாதுக்கா. இவ அவகூடச் சேர்ந்துக்கிட்டுத் தலையாட்டுறா" என்றான். நீ தலையாட்டியிருப்பாய். அது மட்டும்தான் உனக்கு நன்றாக வரும்.

ரைட் என்றால் போகலாம். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இதுகூடத் தெரியாத ஒருத்தியைப் பரீட்சை எடுக்க உட்கார வைத்திருக்கிறார்கள், அவள் என் தம்பிக்குக் கோடு போடுகிறாளாம். திரும்ப வேண்டுமானால் திரும்பு என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

பன்னிரண்டு வருஷம் அவன் ஓட்டிய மினிபஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு கத்தியவள் நான். 'ரைட்' என்றால் எடுப்பான். 'ஓல்டான்' என்றால் இருந்த இடத்தில் நிற்பான். சந்தைக் கூட்டத்தில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஒரு ஆள்மேல் ஒரு கீறல் பட்டது கிடையாது. கண்ணாடியாம் கண்ணாடி. நான் இருக்கும்போது அவனுக்கு எதற்குக் கண்ணாடி? நீ காதைப் பற்றித்தானே படித்தாய்? அவன் காதை நம்பி ஓட்டியவன். இதில் உனக்கு என்ன கேவலம் வந்துவிட்டது?

நீயும் அந்த பஸ்ஸில் காலேஜுக்குப் போனவள். அவன் ஓட்டியதால்தான் நீ நேரத்துக்குப் போய் டிகிரி வாங்கினாய். அதை மறக்காதே. பாஸாகிப் பாஸாகிப் பழகியவர்களுக்கு ஒரு தடவை சறுக்கியவனைப் பார்த்தால் இளக்காரமாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை அவன் பாஸ் பண்ணிக் காட்டுவான். அதுவரை நீ சாவியைக் கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிக் கொடு. உன் வேலை விஷயத்தை அதிகாரிகளிடம் அழுது கேட்டால் தள்ளி வைப்பார்கள். அழக்கூடவா வெட்கம்?

அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர்தான் உட்கார வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்கள் தம்பி, "அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்குப் போட்ட சட்டம்" என்றார்.

ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்ப்பேன்.

"சொல்லு" என்பார்.

"என்னத்தைச் சொல்ல?"

"வண்டி வருதா இல்லையா? சொன்னாத்தானே எடுக்க முடியும்?"

"ரைட்" என்பேன்.

"சத்தமா சொல்லு. எஞ்சின் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

இந்தக் காரின் எஞ்சின் சத்தம் நம் வீட்டு மிக்ஸியில் பாதிகூட இருக்காது. நான் கத்துவதற்குள் பின்னால் கார்கள் சேர்ந்துவிடும். குட்டி பின்சீட்டில் இருந்து, "அப்பா, தலையைத் திருப்பிப் பாருங்கப்பா, கழுத்துல கட்டியா?" என்றாள். அவளுக்குத் திட்டு விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே பார்த்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கடைத்தெருவில் காரைப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. "இறங்கிப் பார்த்துச் சொல்லு" என்றார். இறங்கிப் பின்னால் போய் நின்றேன். வலப்பக்கத்துச் சந்தில் இருந்து ஒரு முதியவர் வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த முழுச் சத்தத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக நடுத்தெருவில் கத்தினேன்: "ரைட்ல ஆளு!"

உங்கள் தம்பி முதல் வார்த்தையைத்தான் கேட்டார். எடுத்துவிட்டார்.

நடைச்சட்டம் சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்கியது. அந்த முதியவர் அதை விட்டுவிட்டதால் பிழைத்தார். சாலையில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். தூக்கி நிறுத்தினேன். எலும்பு எதுவும் முறியவில்லை. அதற்குள் உங்கள் தம்பி இறங்கி வந்து, விழுந்தவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ரைட்டுன்னு சொன்னது நீதானே! நீதானேடி சொன்ன!" என்று குதித்தார். கூடியிருந்தவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

முதியவர் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார், "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பிறகு ஏன் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாய்?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. நான் நான்கு வருஷம் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பைலட் என்ன அழகாக ஓட்டுகிறார் என்று வாயைப் பிளந்து பார்த்தவள். இப்போதுதான் தெரிகிறது. அண்ணி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர். ஓட்டியது நீங்கள். அவருக்குக் கண்ணும் கழுத்தும் நீங்கள்தான். அவற்றை அங்கேயே வைத்துக்கொண்டு, கையையும் காலையும் மட்டும் என்னோடு அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் இடத்தில் நின்று கத்துவதற்கு என்னிடம் குரல் இல்லை. இருந்தாலும் கத்த மாட்டேன். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 8

டிகிரிக்கு,

நிறுத்த வேண்டுமானால் 'ஓல்டான்' என்று கத்த வேண்டும். 'ரைட்ல ஆளு' என்று உலகத்தில் எந்தக் கண்டக்டராவது கத்துவாளா? நான்கு வருஷம் பஸ்ஸில் போனாயே, காதில் பஞ்சா வைத்திருந்தாய்? அந்தக் கிழவர் செத்திருந்தால் பாதி பாவம் உனக்குத்தான்.

மீதிப் பாதி அவனுக்கு. விழுந்தவரைத் தூக்காமல் உன்னிடம் குதித்தானாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. நீ எழுதியது நிஜமா என்று குட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே அவன் சீட்டில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவராம். வந்த அன்றைக்கே பிரச்சினை. நான் வழக்கம்போலப் படியில் நின்று கத்துகிறேன், அவர் நிதானமாகத் திரும்பி, "அக்கா, எதுக்குத் தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க? எனக்குக் கண்ணாடியில தெரியுது. டிக்கெட்டைப் போடுங்க" என்கிறார். பஸ் முழுக்கச் சிரிக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரி, இடிக்கட்டும், அப்போது தெரியும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். சந்தையில் இருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இடிக்கவில்லை.

இப்போது ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். சும்மா நின்று பழக்கம் இல்லாததால் கால் வலிக்கிறது. இதை எழுதியதால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று துள்ளாதே.

பள்ளியில் சேர்ந்தவள் ஒழுங்காகக் கற்றுக்கொள். கிளட்ச்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. பொம்பளைகள் எல்லாம் அதைத்தான் செய்வீர்கள்.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

தேறிவிட்டேன். பெருமையாக எழுதவில்லை. அன்றைக்குச் சாலையில் என்னைவிட மெதுவாகப் போனது குப்பை வண்டி ஒன்றுதான். அதையும் நான் முந்தவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை வாயில் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். முதல் வாரத்தில், "நீ ஓட்டவில்லை. எதிரே வரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறாய்" என்றார். உண்மைதான். சாலையின் ஓரத்தோடு ஓரமாக, யாருடைய இடத்தையோ பிடித்துக்கொண்டது போல ஓட்டினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காருவேன். "சாலையில் உன் அகலம் உனக்கு வேண்டும்" என்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுவுக்கு இழுத்தார். அன்று கூச்சத்தில் வியர்த்து முதுகு நனைந்தது.

லைசென்ஸ் வந்த அன்று மேசையில் வைத்தேன். உங்கள் தம்பி அதை எடுத்துப் பார்த்தார். "போட்டோல கண்ணு மூடியிருக்கு" என்றார். மூடியிருக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. சாப்பிட்ட தட்டைக்கூடச் சத்தத்தோடு வைத்தால் பேசியது போல ஆகிவிடும் என்று மெல்ல வைத்தார்.

நேற்று வாயைத் திறந்தார்.

"நான் ஊருக்குப் போறேன். இங்க எனக்கு மரியாதை இல்லை. அக்கா முதலாளிகிட்ட சொன்னா என் சீட்டு நாளைக்கே எனக்கு. குட்டியையும் கூட்டிட்டுப் போறேன். நீ உன் காரோட இரு."

பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். "விமான நிலையத்துக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டேன்.

"நீ கொண்டுபோய் விடு" என்றார்.

அண்ணி, இப்படிப்பட்டவரோடு சண்டை போடக்கூட முடியவில்லை. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. குட்டி பெட்டியைப் பார்த்துவிட்டு, தன் பொம்மைகளை என் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள். குட்டி வர மாட்டாள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து, கண்ணைப் பார்த்து. "அக்கா பாத்துக்குவா" என்றார். இனி உங்களிடம் கேட்பார்.

நீங்கள் அவரை வளர்த்தவர். அவருக்காக என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. சீட்டு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். அதற்கேற்ப நானும் குட்டியும் தயாராக வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 2

டிகிரிக்கு,

சீட்டு இல்லை.

போன் வந்தது. "அக்கா, முதலாளிகிட்ட சொல்லி அந்த ஆளைத் தூக்கிடு. நான் வந்துடறேன்" என்றான். என்னவோ துணிக்கடையில் சட்டையை மாற்றித் தரச் சொல்வது மாதிரி.

"அந்த ஆளு கண்ணாடி பாத்து ஓட்டுறாருடா" என்றேன்.

"அதுக்கென்ன?" என்றான்.

அதற்கென்னவாம். டாக்டரிடம் போயிருந்தேன். தொண்டையில் தழும்பு ஏறியிருக்கிறதாம், இனிமேல் கத்தினால் குரலே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அதை இவனிடம் சொன்னேன். "அப்போ விசில் ஊதுக்கா" என்கிறான். நான் பெற்ற பிள்ளையாக இருந்தால் அங்கேயே போனைச் சுவரில் அடித்திருப்பேன். வளர்த்த பிள்ளை என்பதால் உட்கார்ந்து திட்டினேன். பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் ஏர்போர்ட்டுக்குப் போய், அக்காள் கத்துகிற வண்டியில் டிரைவராக உட்காரப் போகிறாயா, உனக்கென்று எதுவும் கிடையாதாடா என்று கேட்டேன். அழுதான். அழட்டும். டைம் கீப்பரிடமும் சொல்லிவிட்டேன், அந்த நீலக் கார் எவனுடையதோ என்று. அந்த ஆளுக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம்.

உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று கனவு காணாதே. குப்பை வண்டியை முந்தத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் கொடுத்த நாடு என்ன நாடோ. ஆனால் குட்டியின் பொம்மைகளை வெளியே எடுத்து வை.

அவனுக்கு அங்கேயே ஏதாவது வேலை பார். ஓட்டுகிற வேலை வேண்டாம்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

என் வேலை உறுதியாகிவிட்டது. உங்கள் தம்பிக்கு, பஸ்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் பணிமனையில் இடம் கிடைத்தது. இன்று முதல் நாள். நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

லைசென்ஸ் வந்த நாளில் இருந்து பின்சீட்டில் குட்டியோடுதான் உட்காருவார், நான் வாடகைக் கார் ஓட்டுகிறவள் மாதிரி. இன்று முன்னால் ஏறினார். கிளம்புவதற்கு முன் என்னைக் கேட்காமல் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தலை சீவினார். பொறுமையாக, இரண்டு பக்கமும் ஒதுக்கி. சீவி முடித்துச் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு, "போலாம்" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"என்ன?"

"கண்ணாடியைத் திருப்பி வையுங்க."

"நீயே வெச்சுக்கோயேன். கை எட்டுதுல்ல?"

"திருப்பினது நீங்க."

எங்கள் பின்னால் எதிர்வீட்டுக்காரர் தன் காரை வெளியே எடுக்க வந்து, வழி கிடைக்காமல் நின்றுவிட்டார். யாரையும் ஒரு நிமிஷம்கூடக் காக்க வைத்து எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுக்கவில்லை. "அம்மா, நேரமாகுது" என்றாள் குட்டி. உங்கள் தம்பி என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், கழுத்தை நன்றாகத் திருப்பி. அப்புறம் கையை உயர்த்திக் கண்ணாடியைப் பிடித்தார்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் என் பக்கம்."

"இப்போ?"

"கொஞ்சம் மேல."

"தெரியுதா?"

பார்த்தேன். தெரிந்தது. எடுத்தேன்.